போர்டு ஆஃப் ஈக்வலைசேஷன்: வாக்காளர் கையேடு எவ்வளவு உதவுகிறது?

கலிஃபோர்னியாவில் தேர்தலுக்கு முன் இலவசமாகத் தபாலில் வரும் வாக்காளர் கையேட்டை நான் விடாமல் படிப்பவள். ஆளுநர் பதவிக்கு அது போதும். உறுப்பினர்களைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கும் மாநில வரி வாரியமான போர்டு ஆஃப் ஈக்வலைசேஷனுக்குப் பாதிதான் உதவுகிறது.

வேட்பாளர் அறிக்கைகள் அவர்களே எழுதிக் கொடுப்பவை. "வரியைக் குறைப்பேன்" என்று ஒருவர் எழுதினால், அது இந்த வாரியத்தின் கையில் இருக்கிறதா என்று பக்கத்தில் யாரும் குறிப்பதில்லை. 2017 சட்டம் விற்பனை வரி வசூலைத் தனித் துறைக்கும் மேல்முறையீடுகளைத் தனி அலுவலகத்துக்கும் மாற்றிவிட்டது. மிச்சம் முக்கியமாகச் சொத்து வரி: 58 மாவட்டங்களின் மதிப்பீட்டாளர்கள் ஒரே முறையில் வேலை செய்கிறார்களா என்று பார்ப்பது. வீடு வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

2022இல் இந்த வாரியத்துக்கான எங்கள் இரண்டாம் தொகுதியில் சாலி லீபரும் பீட்டர் வெர்பிகாவும் நின்றார்கள். லீபர் மவுண்டன் வியூ மேயராகவும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். வெர்பிகா குடியரசுக் கட்சிக்காரர், நிதி ஆலோசகர். நான் பார்த்தது ஒன்றுதான்: வாக்காளர்கள் நிறைவேற்றிய, சொத்து வரிக்கு வரம்பு வைத்த 1978இன் 13ஆம் முன்மொழிவும், பிள்ளைகளுக்கு வீடு கைமாறும்போது வரியை மாற்றிய 2020இன் 19ஆம் முன்மொழிவும் யாருக்கு நன்றாகத் தெரியும்? அதற்குக் கையேட்டை மூடிவிட்டு, லீபரின் சட்டமன்றப் பதிவுகளைத் தேட வேண்டியிருந்தது. வெர்பிகாவுக்கு அப்படிப் பார்க்க வாக்களிப்புப் பதிவே இல்லை.

கையேட்டுக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். பதவியின் இன்றைய அதிகாரத்தை நாலு வரியில் அச்சிட்டால் நாலரை.