வினாக்களின் சாய்வை அளக்கும் டிஃப்ஆர்: பயன்படுத்திப் பார்த்ததில்

ஒரு வினாவுக்குச் சரியாக விடையளித்தவர்களின் விழுக்காடு ஒரு குழுவில் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருப்பதாலேயே அந்த வினாவில் சாய்வு இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. ஒத்த திறன் உடைய இரு மாணவர்களில் ஒருவருக்கு மட்டும், அவர் சேர்ந்த குழுவின் காரணமாக அது கடினமாகிறதா என்றே பார்க்க வேண்டும். அதைக் கணக்கிட, ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் தொகுப்புதான் டிஃப்ஆர். டேவிட் மாஜிஸும் சக ஆய்வாளர் மூவரும் 2010-இல் ஆய்விதழ்க் கட்டுரை மூலம் இதை விளக்கினார்கள்.

பல முறைகள் இதில் இருந்தாலும் நான் முதலில் நாடுவது மேன்டல்–ஹென்செல் முறையைத்தான். 1959-இல் நோய்க் காரணங்களை ஆராய்வதற்காக உருவான இதை, 1988-இல் ஹாலண்டும் தேயரும் தேர்வு வினாக்களுக்குப் பொருத்தினர். ஒரே மொத்த மதிப்பெண் எடுத்தவர்களை ஒன்றாக வைத்து, ஒவ்வொரு மதிப்பெண் படியிலும் இரு குழுக்களின் வெற்றி வாய்ப்பை இது ஒப்பிடுகிறது. முடிவு டெல்டா என்ற எண்ணாக வருகிறது. கூட்டல், கழித்தல் குறியை விட்டுவிட்டுப் பார்த்தால், 1-க்குக் கீழே பொருட்படுத்த வேண்டியதில்லை, 1.5-ஐத் தாண்டினால் பெரிய சாய்வு. 1.5 என்றால், சரியாக விடையளிப்பதற்கான சாதக விகிதம் (சரியாக விடையளிப்போர் எண்ணிக்கையைத் தவறவிடுவோர் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது) ஒரு குழுவுக்கு மற்றதைவிட ஏறத்தாழ 1.9 மடங்கு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சாய்வான வினாக்களும் சேர்ந்ததுதானே அந்த மொத்த மதிப்பெண்? கோணிய அளவுகோலை வைத்தே கோணலை அளப்பது போல. ஐயத்துக்குரிய வினாக்களை நீக்கி மொத்தத்தைத் திரும்பக் கணக்கிட்டு, முடிவு நிலைபெறும்வரை சுற்றிவரும் தூய்மைப்படுத்தும் வசதி இத்தொகுப்பில் உள்ளது. இதன் மிகச் சிறந்த அம்சம் அதுதான் என்பேன். ஆனால் நாமாகக் கேட்டால் ஒழிய அது இயங்காது, அதைத் தெரியாமல் முதல் முடிவையே நம்பிவிடுவோர் உண்டு.

பழகிப்பார்க்கத் தரப்பட்டுள்ள தரவு தேர்வைச் சேர்ந்ததே அல்ல. பேருந்து நிற்காமல் போனால் திட்டுவீர்களா என்கிற வகையில் 24 கூற்றுகளுக்கு 243 பெண்களும் 73 ஆண்களும் அளித்த விடைகள் அவை. சரி, தவறு என்று எதுவும் இல்லாத அந்தத் தரவைக் கொண்டு தேர்வு வினாவைப் பற்றி யோசிப்பது, புதியவருக்குச் சற்றே குழப்பம்.

திறன் குறைந்தோரிடம் ஒரு குழுவுக்கும் மிகுந்தோரிடம் மற்றதற்கும் சாதகமாகும் வினாவை மேன்டல்–ஹென்செல் தவறவிடக்கூடும். அதற்கு, திறன் கூடக்கூடச் சரியான விடைக்கான வாய்ப்பு ஒவ்வொரு குழுவிலும் எப்படி மாறுகிறது என்று கணிக்கும் லாஜிஸ்டிக் முறையையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நாற்பது வினாக்களை 5 விழுக்காட்டு மட்டத்தில், அதாவது சாய்வில்லாத வினாவையும் தற்செயலாகச் சாய்வானது என்று சொல்லிவிடும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து என வைத்துச் சோதித்தால், சாய்வே இல்லாவிட்டாலும் சராசரியாக இரண்டு வினாக்கள் அகப்படும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

காரணத்தை இத்தொகுப்பு சொல்லாது. அமெரிக்காவின் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் இடம்பெற்ற வினா ஒன்று இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது: ஓட்டக்காரருக்கு மாரத்தான் போலப் படகோட்டிக்கு எது? விடை, ரெகாட்டா என்ற படகுப் போட்டி. சொல்லுறவைப் பிடிக்கும் திறனை அளக்க வந்த வினா, படகுப் போட்டியை அறிந்த வீட்டுப் பிள்ளையா என்று அளந்துவிடுகிறது. அத்தகைய ஒப்புமை வினாக்கள் 2005-இல் அத்தேர்விலிருந்து நீக்கப்பட்டன. டிஃப்ஆரோ அந்த வினாவின் எண்ணுக்கு அருகே நட்சத்திரக் குறி இடுவதோடு நின்றுவிடும். ‘ரெகாட்டா’ என்ற சொல்லில் விரல் வைக்க, வினாத்தாளை எடுத்து ஓர் ஆசிரியர்தான் வாசிக்க வேண்டும்.