கரண்ட் போய் வந்தால் ஓடாத பில்டர்: நாலு வருட அனுபவம்

போன கிழமை என்னுடைய மீன்தொட்டி பில்டரின் அச்சு முறிந்தது. அடுத்த நாளே யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கும் மச்சான் போன் எடுத்து, "மூன்றடித் தொட்டி ஒன்று வாங்கிட்டன், எந்த பில்டர் பூட்டலாம்?" என்று கேட்டான். கோபம் ஆறாமல் அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

என்னுடையதும் மூன்றடிதான், ஏறத்தாழ 100 லீற்றர். மொலியும் கப்பியும் நிற்கின்றன. எங்கள் ஊர்க் கடின நீரில் அந்த இரண்டும் நன்றாகவே வளரும். பின்பக்கக் கண்ணாடியில் கொழுவும் வகை பில்டரை 2021 கடைசியில் வாங்கினேன். தண்ணீரைத் தெளிய வைப்பதில் அதைக் குறை சொல்ல முடியாது. தொட்டிக்குப் பின்னால் தொங்கும் கலண்டரில் ராகுகாலம் பார்க்கலாம், அவ்வளவு தெளிவு.

ஆனால் கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாது. இதுதான் நாலு வருடமாக என்னை வதைக்கிறது. இந்த பில்டரில் மோட்டர் மேலே பெட்டியில் இருக்கிறது. வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் இரண்டு விரல் வற்றியிருக்கும். கரண்ட் நின்றதும் குழாய்க்குள் காற்று ஏறிவிடும். பிறகு கரண்ட் வந்தாலும் மோட்டரால் தண்ணீரை இழுக்க முடியாது, கர்ர் என்று வெறுமனே அரைக்கும். இரவு இரண்டு மணிக்கு எழும்பி, செம்பால் பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றி எத்தனை தரம் ஓட வைத்திருப்பேன்! மோட்டர் தண்ணீருக்குள்ளேயே அமிழ்ந்திருக்கும் மொடல்களும் உண்டு. அவை தானாகவே எடுத்துவிடும். வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அடுத்தது சுண்ணாம்பு. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் எப்படி வெள்ளையாகப் படிகிறதோ, அப்படியே பில்டருக்குள்ளும் படியும். மோட்டரில் சுழலும் காந்தத் துண்டைக் கழட்டிப் பார்த்தேன். பல்லில் காரை பிடித்த மாதிரி ஒரு தடித்த படை. தேசிக்காய்ப் புளியில் ஒரு மணித்தியாலம் ஊற வைத்தால் கழன்று வரும். போன கிழமை அவசரப்பட்டு, ஊற விடாமலே இழுத்தேன். அந்தத் துண்டு சுழலும் பீங்கான் அச்சு, சுண்ணாம்பு இறுகியிருந்ததால் இரண்டாக முறிந்தது. பிழை என்னுடையதுதான். ஆனால் சின்ன அச்சு ஒன்றுக்காகக் கடைக்காரர் "புதிசா எடுங்கோ" என்றதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூட வரும் கரிப் பஞ்சை மாதம் ஒருமுறை மாற்றச் சொல்லிப் பெட்டியில் எழுதியிருக்கிறது. மாற்றாதீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பக்டீரியா கூடுதலாகக் குடியிருப்பது அந்தப் பஞ்சில்தான். எங்கள் தண்ணீர் காரத்தன்மை கூடியது. அதில் அமோனியா இன்னும் கூடுதலாக நஞ்சாகும். நான் சாதாரணப் பஞ்சை அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறேன். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுவேன். குளோரின் போட்ட கிணற்றுத் தண்ணீரில் அலசினால் பக்டீரியா செத்துப்போகும்.

ஒன்றை மட்டும் இந்த மாதிரிச் சாதாரண பில்டர் எதுவும் செய்யாது: நைத்திரேற்றை வெளியே எடுக்காது. தோட்டக் காணிகளில் போடும் உரத்தால் எங்கள் பக்கக் கிணறுகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. அதனால் மணி பிளான்ட் ஒன்றின் வேரைத் தொட்டிக்குள் விட்டிருக்கிறேன். நைத்திரேற்றை உறிஞ்சிச் செழித்து நிற்கிறது.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதே, அந்த நாட்களை மறக்க மாட்டேன். விடியப் பார்த்தால் மொலிகள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிக்கின்றன. பில்டர் பெட்டிக்குள் தேங்கிய தண்ணீரில் அழுகல் மணம். அன்றைக்கு என் மீன்களைக் காப்பாற்றியது மூலையில் கிடந்த பழைய பஞ்சு பில்டரும், பவர் பேங்கில் ஓடும் சின்னக் காற்றுப் பம்புமே. பஞ்சு பில்டர் காற்றுப் பம்பு தரும் காற்றில் ஓடுவது; உள்ளே மோட்டர் இல்லை, சுண்ணாம்பு பிடித்து இறுக எதுவுமில்லை, விலையும் மலிவு. தொட்டிக்குள் கறுப்பாகக் குந்தியிருப்பது அழகில்லை, தண்ணீரும் அவ்வளவு பளிச்சென்று வராது. அதனால் என்ன? அன்று முதல் அதைத் தொட்டியை விட்டு எடுக்கவே இல்லை.

ஆகவே மச்சானுக்குச் சொன்னது: கொழுவுற பில்டர் வேண்டாம், பஞ்சு பில்டர் இரண்டு பூட்டு, கரண்ட் போனால் ஓட்ட ஒரு பம்பும் எடுத்து வை.

எனக்கு அச்சு நேற்றுத்தான் வேறொரு கடையில் கிடைத்தது. பூட்டி, தண்ணீரை விளிம்பு வரை நிரப்பிவிட்டேன். இன்று காலை கலண்டர் எழுத்து திரும்பவும் தெரிகிறது. மச்சான் வந்து பார்த்தால் இதைத்தான் கேட்பான். நானும் வாங்கிக் கொடுப்பேன்.