பாலிகார்பனேட் என்று விற்கப்பட்ட அக்ரிலிக்: பழைய எஸ்கார்ட் கார் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

பழைய ஃபோர்ட் எஸ்கார்ட் காருக்கு எடை குறைந்த பிளாஸ்டிக் ஜன்னல்களை வாங்க எண்ணியிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். கடந்த நவம்பரில் வேல்ஸின் ஹாவ்ரென் காட்டுச் சரளைச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தபோது, என் காரின் இடப்பக்கக் கதவு ஜன்னல் கூர்மையான சில்லுகளாக உடைந்து இணை ஓட்டுநரின் மடியில் கொட்டியது. அவருடைய கன்னத்தில், கண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே, கீறல் விழுந்தது. சுத்தியலால் அடித்தாலும் உடையாது என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட ஜன்னல் அது.

என்னுடையது 1977ஆம் ஆண்டின் இரண்டாம் தலைமுறை எஸ்கார்ட், இரண்டு கதவு. பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலி என்ற கார்ப் பந்தயத்தில் 1972 முதல் 1979 வரை தொடர்ந்து எட்டு முறை வென்றது எஸ்கார்ட்தான் என்பதால், இந்தக் காரைப் பற்றிப் பேசுபவர்கள் உடனே அதில் வென்ற ஓட்டுநர்களான ரோஜர் கிளார்க்கையும் மிக்கோலாவையும் நினைத்துக்கொள்வார்கள். என் கார் அந்தக் குலத்தில் பிறந்ததல்ல. 1300 சிசி குடும்பக் காராக விற்கப்பட்டு, பிற்காலத்தில் ஃபோர்டின் 2 லிட்டர் பின்டோ இன்ஜின் பொருத்தப்பட்டு, ஆறு ஆண்டு வெல்டிங்குக்குப் பிறகு ராலிக்குத் தயாரானது. இன்ஜினில் சக்தியைக் கூட்டப் பணம் இல்லாதவன் எடையைக் குறைக்கத்தானே பார்ப்பான்? அப்படித்தான் ஜன்னல்களின் பக்கம் வந்தேன்.

முன்கண்ணாடியை நான் தொடவில்லை. அது லேமினேட் செய்த (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய) கண்ணாடியாகவே இருக்க வேண்டும், வைப்பர் ஓடினால் பிளாஸ்டிக் சில நாளில் கோடு விழுந்து மங்கிவிடும். மற்ற ஐந்தையும், அதாவது இரண்டு கதவு ஜன்னல்கள், இரண்டு பின்பக்கச் சிறு ஜன்னல்கள், பின்கண்ணாடி ஆகியவற்றைக் கழற்றி எடை போட்டபோது 18 கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது. கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிராம், நான் வாங்க எண்ணிய பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்குக்கு 1.2 கிராம். 4 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி 10 கிலோ என்றால் அதே அளவு பாலிகார்பனேட் 4.8 கிலோதான். ஆக, ஏறக்குறைய பத்து கிலோ குறையும், அதுவும் காரின் இடுப்புக்கு மேலே குறையும். வளைவில் கார் சாய்வது மேல்பக்க எடையைப் பொறுத்தது என்பதால், டிக்கியில் பத்து கிலோவைக் குறைப்பதைவிட இது மேலானது.

இங்கேதான் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ராலி வட்டாரத்தில் எல்லாப் பிளாஸ்டிக் ஜன்னலையும் பேச்சுவழக்கில் பெர்ஸ்பெக்ஸ் என்றே சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் பெர்ஸ்பெக்ஸ் என்பது 1930களில் ஐ.சி.ஐ. நிறுவனம் அக்ரிலிக் என்ற வேறொரு பிளாஸ்டிக்குக்கு வைத்த வணிகப் பெயர். லெக்ஸான், மேக்ரோலான் என்ற பெயர்களில் வருவது பாலிகார்பனேட். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அடிபடும்போது நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு. பாலிகார்பனேட் வளையும், குழியும், உடையாது. அக்ரிலிக் விரிசல் விட்டு, ஓரங்கள் கத்திபோல் கூரான பெரிய சில்லுகளாகப் பிரியும். விலையில் அக்ரிலிக் மலிவு. எடையிலோ வேறுபாடு கிடையாது. அதன் அடர்த்தி 1.19. ஆகையால் தராசு எதையும் காட்டிக்கொடுக்காது.

விற்பனையாளரின் பக்கத்தில் 'கீறல் தடுப்புப் பூச்சுள்ள 4 மில்லிமீட்டர் பாலிகார்பனேட்' என்றுதான் போட்டிருந்தது. ஐந்து ஜன்னல் கொண்ட தொகுப்பின் விலை 385 பவுண்டு. கதவு ஜன்னல்களில் கையால் தள்ளித் திறக்கும் சறுக்குப் பலகையும் சேர்த்தே வரும் என்றார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் முன்பணமாக 60 பவுண்டைக் கடன் அட்டையில் கட்டினேன். மீதியை வங்கி மூலம் நேரடியாக அனுப்பினால் வேலை விரைவில் முடியும் என்று தொலைபேசியில் சொன்னார் அந்தக் கடைக்காரர். இனிமையாகப் பேசும் மனிதர். மூன்று வாரம் என்று சொன்ன சரக்கு, நான் ஐந்து முறை கேட்ட பிறகு, ஜூன் கடைசியில் வந்து சேர்ந்தது.

பெட்டியைப் பிரித்தபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சிதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவ்வளவு தெளிவு! விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால்கூடப் பளிங்குபோல் இருந்தது. அந்தத் தெளிவை நான் தரம் என்று எடுத்துக்கொண்டேன்; உண்மையில் அதுதான் முதல் துப்பு. பாலிகார்பனேட் தகட்டின் விளிம்பு சற்றுச் சாம்பல் படிந்து மங்கலாகத் தெரியும், அக்ரிலிக்கின் விளிம்புதான் அப்படி மின்னும். தகட்டின் மீது ஒட்டி வரும் பாதுகாப்புத் தாளில் தயாரிப்பாளர் பெயர் எதுவும் அச்சாகவில்லை, வெறும் வெள்ளைத் தாள். அதையும் நான் பொருட்படுத்தவில்லை. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தபோது பின்பக்கச் சிறு ஜன்னல்கள் இரண்டும் 3 மில்லிமீட்டர்தான் இருந்தன. இதை எழுதிக் கேட்டதற்கு, சிறு ஜன்னல்களுக்கு அவ்வளவு போதும் என்று பதில் வந்தது. போதுமா போதாதா என்பதல்லவே என் கேள்வி, 4 என்று எழுதிவிட்டு 3 அனுப்பியது ஏன் என்பதுதான்.

அடுத்தது துளைகள். சறுக்குப் பலகையின் தண்டவாளம் 5 மில்லிமீட்டர் திருகாணிகளால் ஜன்னலோடு இணைக்கப்படுகிறது. அதற்கான துளைகளைக் கடைக்காரர்களே போட்டு அனுப்பியிருந்தார்கள், அவையும் சரியாக 5 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் வெப்பத்தில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் இரும்பைவிட ஐந்தாறு மடங்கு அதிகம். ஆகஸ்டில் 24 டிகிரியில் பொருத்திய 90 சென்டிமீட்டர் நீளமுள்ள ஜன்னல், நவம்பரில் உறைநிலைக்கு வரும்போது ஒன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். அதைப் பிடித்திருக்கும் உலோகமோ கால் மில்லிமீட்டரைத் தாண்டிச் சுருங்காது. இடைவெளி விடாத துளையில் இறுகிக் கிடக்கும் திருகாணி, அந்த வேறுபாடு முழுவதையும் துளையின் ஓரத்தில் அழுத்தமாக ஏற்றிவிடும். துளை பெரிதாக இருக்க வேண்டும், ரப்பர் வாஷர் வேண்டும், திருகாணியை விரல் இறுக்கத்துக்கு மேல் முறுக்கக் கூடாது. பாலிகார்பனேட்டாகவே இருந்திருந்தாலும் இது தவறான வேலைதான். அக்ரிலிக்கில் இது விபத்துக்கான ஏற்பாடு. துளைகளை நான் பெரிதாக்கியிருக்க வேண்டும். செய்யாதது என் தவறு, அதை மறைக்கவில்லை.

வேறு இடத்தில் ஒரே ஒரு துளையை நானே போட்டேன். சீவல் சுருள் சுருளாக வராமல் பொடியாகவும் சிறு சில்லாகவும் உதிர்ந்தது. பாலிகார்பனேட்டில் டிரில் இறங்கினால் நீளமான சுருள் கழன்று வரும் என்பதை இப்போது அறிவேன். அன்று, முனை மழுங்கிவிட்டது போலும் என்று புதிய பிட் வாங்கினேன்!

பிறகு துடைத்த கதை. பெட்டியோடு வந்த குறிப்புத் தாளில், எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைக்குமாறு எழுதியிருந்தது. பாலிகார்பனேட்டுக்கு அது பொருந்தும் அறிவுரைதான். அழுத்தத்தில் இருக்கும் அக்ரிலிக் மீது ஆல்கஹால் பட்டால் மயிரிழைபோன்ற நுண்விரிசல்கள் பரவும். துடைத்த மறுநாள் காலை, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சூரியக் கதிர்களை வரைந்ததுபோல் வெள்ளிக் கோடுகள் தெரிந்தன. படம் எடுத்து அனுப்பினேன். பூச்சில் ஏற்பட்ட மேலோட்டமான கோடு, பயப்பட வேண்டாம் என்று பதில் வந்தது. நானும் நம்பினேன்.

ராலி நாளில் நடந்ததை நீட்டி எழுத ஒன்றுமில்லை. உறைபனிக் காலை, இரண்டாவது கட்டம், ஒரு மேட்டைத் தாண்டிக் கார் தரையில் இறங்கியது. யாரும் எதன் மீதும் மோதவில்லை, கல்லும் படவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம், குளிர்காற்று, மடி நிறையச் சில்லுகள். இணை ஓட்டுநர் வழிக்குறிப்பைப் படிப்பதை நிறுத்தவில்லை என்பதை இங்கே பதிவு செய்யாவிட்டால் அவர் என்னை மன்னிக்க மாட்டார். கட்டத்தின் முடிவில் விலகிக்கொண்டோம். சர்வீஸ் இடத்தில் தொழில்நுட்பப் பரிசோதகர் ஒருவர் ஒரு சில்லைக் கையில் வாங்கி, விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதைப் பாலிகார்பனேட் என்று யார் சொன்னது?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து, திறந்த வெளியில், இடுக்கியில் பிடித்து ஒரு துண்டைக் கொளுத்தினேன். புகையே இல்லாமல், படபடவென்ற மெல்லிய ஒலியோடு, பழவாசனை வீச, கடைசித் துளிவரை எரிந்தது. அது அக்ரிலிக். பாலிகார்பனேட் கரும்புகை விடும், நெருப்பை எடுத்துவிட்டால் தானாக அணைந்துவிடும். இரண்டையும் அருகருகே எரித்துக் காணொளி எடுத்துக்கொண்டேன். பிறகு அதுவே பெரிய சாட்சியாயிற்று.

கடைக்காரரின் பதில்கள் வாரத்துக்கு ஒன்றாக மாறின. முதலில், துளை போட்டதில் பிழை என்றார். உடைந்த இடத்துத் துளைகள் அவர்கள் போட்டவை என்று காட்டியதும், தொலைபேசியில் பெர்ஸ்பெக்ஸ் என்றுதானே பேசிக்கொண்டோம் என்றார். பில்லில் பாலிகார்பனேட் என்று அச்சாகியிருப்பதைக் காட்டியதும், போட்டிக்குப் பயன்படுத்தும் பொருளுக்கு உத்தரவாதம் இல்லை, அளவெடுத்துச் செய்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று முடித்துக்கொண்டார்.

அளவெடுத்துச் செய்த பொருளை, மனம் மாறியதற்காகப் பதினான்கு நாளுக்குள் திருப்பும் உரிமை இல்லை என்பது உண்மை. ஆனால் சொன்ன பொருளைத் தராதது வேறு விஷயம். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி பொருள் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும், இந்தப் பொறுப்பைக் கடைக்காரர் தம் நிபந்தனைகளால் கழற்றிவிட முடியாது. கையில் வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று நிரூபிப்பது விற்றவர் பாடு. இதைச் சொல்லி எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. என்னைக் காப்பாற்றியது அந்த 60 பவுண்டு. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு ஒரு பகுதியைக் கடன் அட்டையில் கட்டியிருந்தாலே முழுத் தொகைக்கும் அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. பில், விளம்பரப் பக்கத்தின் படம், வெர்னியர் அளவு, எரித்த காணொளி எல்லாவற்றையும் அனுப்பினேன். ஏழு வாரத்தில் 385 பவுண்டும் திரும்பி வந்தது. அன்று முழுப் பணத்தையும் வங்கி மூலம் அனுப்பியிருந்தால் நீதிமன்றம் ஏறியிருக்க வேண்டும்.

புதிய தொகுப்பு வேறொருவரிடம் வாங்கியது. விலை ஏறக்குறைய இரு மடங்கு. பாதுகாப்புத் தாளில் தயாரிப்பாளர் பெயரும் தரக் குறியும் வரிசையாக அச்சாகியிருக்கின்றன, விளிம்பு சாம்பல் நிறத்தில் இருக்கிறது, துளைகள் 8 மில்லிமீட்டர். பழைய தொகுப்பின் விளம்பரம் இன்றும் அதே சொற்களோடு அப்படியே இருக்கிறது. வெறும் வெள்ளைத் தாள் ஒட்டி வந்த ஜன்னல்களை ஏற்கெனவே பொருத்தியிருப்பவர்கள், ஒரு திருகாணியைக் கழற்றித் துளையைச் சுற்றி வெள்ளிக் கோடுகள் இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். இருந்தால் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.