பிளாஸ்டிக் நாற்காலியா, மிளகாய்த்தூளா?

வாசலில் முகமூடியோடு ஒருவன் நிற்கிறான் என்றால் கைக்கு எது உதவும்? பலரும் சொல்வது மிளகாய்த்தூள். நான் நாற்காலி என்பேன்.

2019 ஆகஸ்டில், கடையம் அருகே அரிவாளோடு வந்த இரண்டு கொள்ளையர்களை வயதான தம்பதி விரட்டிய சிசிடிவி காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கையில் கிடைத்தவை பிளாஸ்டிக் நாற்காலிகளும் செருப்பும்தான். நாற்காலி எடை குறைவு, அறுபதைத் தாண்டியவர்களும் தூக்கலாம். முதுகுப்பக்கத்தைப் பிடித்துக் கால்களை முன்னால் நீட்டினால், எதிராளியின் கைக்கும் நம் உடம்புக்கும் நடுவே இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில் கத்திக் கூப்பிடலாம், பின்வாங்கிக் கதவைச் சாத்தலாம். எறிந்தாலும் பக்கத்தில் இன்னொன்று இருக்கும்.

மிளகாய்த்தூள் கண்ணில் பட்டால் ஆள் தடுமாறுவான், உண்மைதான். ஆனால் பட வேண்டுமே! டப்பா அடுப்படியில், மூடி இறுக்கமாக. மின்விசிறி ஓடினாலோ எதிர்க்காற்று அடித்தாலோ தூள் நம் முகத்துக்கே திரும்பும். ஒருமுறை வீசினால் தீர்ந்தது. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவருக்கும் ஆபத்து.

நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு தற்காப்பு உரிமை தருகிறது. தேவைக்கு மீறித் தாக்கக் கூடாது என்கிறது 37. அவன் ஓடத் தொடங்கியதும் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, தாழ்போட்டு, அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள். துரத்திக்கொண்டு தெருவுக்குப் போக வேண்டாம்.