ஓட்மேனா, ஜெரோமா? அரிசோனாவின் இரண்டு சுரங்க மலைப்பாதைகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பழைய சுரங்க ஊர்களைத் தொட்டுப் போகும் மலைப்பாதை என்று கேட்டால் இரண்டு பெயர்கள் வரும். கிங்மேன் நகரிலிருந்து ஓட்மேன் போகும் பழைய ரூட் 66 நெடுஞ்சாலை ஒன்று. பிரெஸ்காட் பக்கமிருந்து மலையேறி ஜெரோமில் இறங்கும் 89ஏ நெடுஞ்சாலை மற்றது. ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் எதற்குப் போவது?

வண்டி ஓட்டும் சுகத்துக்கு ஓட்மேன்தான். கிங்மேனைத் தாண்டினால் வெட்டவெளிப் பாலைவனம். கூல் ஸ்பிரிங்ஸ் என்ற பழைய பெட்ரோல் நிலையத்தைக் கடந்ததும் சிட்கிரீவ்ஸ் கணவாய்க்கு ஏற்றம். உயரம் சுமார் 3,550 அடிதான், ஆனால் சாலை குறுகல். கொண்டை ஊசி வளைவுகளில் பல இடங்களில் ஓரத்தில் தடுப்பே கிடையாது. 40 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. 1950களின் தொடக்கத்தில் மலையைச் சுற்றி யக்கா என்ற ஊர் வழியாகப் புதுச் சாலை வந்ததும் இங்கே போக்குவரத்து வற்றிப்போனது. அதனால்தான் பழைய சாலை பெரிதாக மாறாமல் கிடக்கிறது.

ஊர் அந்த அளவுக்கு இல்லை. தங்கம் தோண்டிய காலம் போய், இப்போது நினைவுப்பொருள் கடைகள் நிறைந்த ஒற்றைத் தெரு. சுரங்கக்காரர்கள் விட்டுப்போன கழுதைகளின் வாரிசுகள் நடுத்தெருவில் நின்றுகொண்டு கார் ஜன்னலுக்குள் மூக்கை நீட்டும். (குட்டிகளுக்கு மட்டும் எதுவும் ஊட்டாதீர்கள்.) துப்பாக்கிச் சண்டை நாடகமும் உண்டு, ஒரு தடவைக்கு மேல் தாங்காது.

ஜெரோமில் இறங்கி நடக்க வேண்டும். கிளியோபாட்ரா குன்றின் சரிவில், 5,000 அடிக்கு மேல் தொற்றிக்கொண்டிருக்கும் செம்புச் சுரங்க ஊர். 1920களில் 10,000 பேருக்கு மேல் இருந்த இடம், 1953ல் சுரங்கம் மூடியதும் நூறு பேர் அளவுக்குச் சுருங்கியது. சுரங்க வெடிகளின் அதிர்வில் ஊரின் நிலமே நழுவியது; சிறைச்சாலை இருந்த இடத்தைவிட்டு 200 அடிக்கு மேல் சறுக்கி, சாலையைத் தாண்டி உட்கார்ந்துவிட்டது. இன்றும் போய்ப் பார்க்கலாம். ஆட்ரி சுரங்கக் குழியின் மேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அதில் நின்று குனிந்தால் காலடியில் 1,900 அடிப் பள்ளம்.

பாலைவனம்தான் வேண்டும் என்பவர்களுக்கு 89ஏ கொஞ்சம் ஏமாற்றம் தரும். மிங்கஸ் மலையில் 7,000 அடியைத் தொடும் இடத்தில் பைன் காடு, குளிர்காலத்தில் பனியும் கொட்டும். கோடையிலோ இதுவே நல்லது, ஓட்மேனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடும்.

என் ஓட்டு ஜெரோமுக்கு. செம்பாறைகளுக்குப் பேர்போன பக்கத்து ஊர் செடோனாவையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். வளைவுகளில் தலைசுற்றுபவர்கள் கூட வந்தால் மிங்கஸை விட்டுவிட்டு மறுபக்க அடிவாரத்து ஊரான காட்டன்வுட் பக்கமிருந்து ஏறுங்கள், ஏற்றம் குறைவு.