சிசேரியனோடு சேர்த்து ‘டம்மி டக்’: கர்ப்பிணிகளும் குடும்பத்தாரும் கவனிக்க வேண்டியவை

என் தங்கையின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவளுக்கு இரண்டாவது சிசேரியன் நடந்தபோது, ‘டம்மி டக்’ எனப்படும் வயிற்றுத்தோல் குறைப்பு அறுவையையும் அப்போதே செய்தார்கள். எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போனபோது இதை முதலில் எடுத்துச் சொன்னவர் மருத்துவர் அல்லர்; பேக்கேஜ் கட்டணங்களை விளக்கும் ஊழியர். எப்படியும் வயிற்றைத் திறக்கத்தான் போகிறோம், ஒரே மயக்க மருந்து, ஒரே தழும்பு, ஒரே ஓய்வு, செலவும் குறைவு என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று தங்கை வந்துவிட்டாள். அறுவை நாளன்று காலையில், மற்ற தாள்களோடு சேர்த்து இதற்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கூடுதல் தொகையைக் கட்டச் சொல்லி அவள் கணவரை அனுப்பினார்கள். ஆபத்துகளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த ஊழியர் சொன்ன எதுவும் உண்மையாகவில்லை. சிசேரியனுக்காக முதுகில் போட்ட ஊசியின் பலன் நீண்ட நேர அறுவைக்குப் போதாமல், நடுவில் முழு மயக்கம் கொடுத்தார்கள். சிசேரியன் தழும்பு அடிவயிற்றில் அடங்கிவிடும். இதுவோ ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை நீள்கிறது. சில வாரங்களில் தோலுக்கடியில் நீர் கட்டி, சீழ் பிடித்து, தையல் நடுவில் பிரிந்தது. குழந்தையைத் தூக்கிப் பால் கொடுக்கவும் முடியாமல் அவள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தேன்.

பிறகு வேறொரு மருத்துவமனையில் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் ஒருவர் காரணங்களைப் பொறுமையாக விளக்கினார். குழந்தை பிறந்த உடனே கருப்பை ஏறத்தாழத் தொப்புள் மட்டம் வரை பெருத்திருக்கும். அது பழைய அளவுக்குச் சுருங்க சுமார் 6 வாரங்கள் ஆகும். தோலும் தசையும் நீர் கோத்துத் தளர்ந்திருக்கும் அந்த நேரத்தில் எவ்வளவு தோலை வெட்டுவது, தசையை எவ்வளவு இறுக்குவது என்று எந்த மருத்துவராலும் சரியாக அளவிட முடியாது. நடுவில் விலகிய வயிற்றுத் தசைகள் பல பெண்களுக்கு அடுத்த சில மாதங்களில் ஓரளவு தாமாகவே நெருங்கிவிடுகின்றன. என் தங்கைக்கு வீக்கம் வடிந்தபின் தோல் மறுபடி தொங்கியது. தொப்புளும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது.

சீழ் பிடித்ததற்கும் காரணம் இருக்கிறது. டம்மி டக்கில் தோலையும் கொழுப்பையும் தசையிலிருந்து விலா எலும்பு வரை பிரித்தெடுக்கிறார்கள். சிசேரியனில் கருப்பையைத் திறப்பதால் பிறப்புறுப்புப் பாதையின் கிருமிகள் அந்த அகன்ற புண்ணுக்குள் பரவ வழி உண்டாகிறது. ரத்தம் உறையும் தன்மை கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் இயல்பாகவே கூடியிருக்கும். டம்மி டக்கும் ரத்தக்கட்டு ஆபத்தைக் கூட்டும் அறுவைதான். அழகுக்காக இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வயிற்றுச் சுவர் சீரமைப்பு’ என்று மட்டும் இருந்தது. செய்தவர் பெயர் இல்லை. எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதி. அப்படிக் கேட்டு வாங்கிய பிறகுதான், கத்தி பிடித்தவருக்குப் பிளாஸ்டிக் அறுவையில் எம்.சிஎச். என்ற சிறப்பு மருத்துவப் பட்டம் இல்லை என்பது தெரிந்தது. அழகு அறுவை என்பதால் காப்பீட்டு நிறுவனமும் அந்தச் செலவைத் தர மறுத்துவிட்டது. ஓர் அறுவைக்குக் கொடுத்த சம்மதம் இன்னோர் அறுவைக்குச் செல்லாது என்றும், ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் நோயாளிக்குச் சொல்லியே சம்மதம் பெற வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம்; நாங்கள் கொடுத்திருக்கிறோம்.

இந்த அறுவை வேண்டும் என்று விரும்புகிறவர்கள், இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்து, பால் கொடுப்பதை நிறுத்தி, எடை நிலைத்த பிறகு, பிரசவத்திலிருந்து குறைந்தது 6 மாதமாவது கழித்து, தகுதியுள்ள பிளாஸ்டிக் அறுவை மருத்துவரிடம் போங்கள். ஏற்கெனவே சேர்த்துச் செய்துகொண்டவர்களுக்குக் காய்ச்சல், தையலில் கசிவு, ஒரு காலில் மட்டும் வலியோ வீக்கமோ, திடீர் மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும், அறுவை செய்த மருத்துவமனையின் பதிலுக்குக் காத்திராமல் அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே போய்விடுங்கள்.