61 கட்டை கீபோர்டா, 88 கட்டை டிஜிட்டலா, மர பியானோவா: பிள்ளை வீட்டில் உட்கார்ந்து வாசிப்பது எதில்?

பிள்ளையை பியானோ வகுப்பில் சேர்த்த மறுவாரமே இந்தக் கேள்வி வந்துவிடும். கோயமுத்தூரில் எந்த மியூசிக் கடைக்குப் போனாலும் முதலில் எடுத்து நீட்டுவது 61 கட்டை கீபோர்டுதான். "மொதல்ல இதுல பழகட்டுங்க, நிலைச்சா பொறவு பெருசு பாத்துக்கலாம்" என்பார்கள். கேட்கச் சிக்கனமான யோசனை. ஆனால் பல பிள்ளைகள் நிலைக்காமல் போவதே அந்த முதல் கீபோர்டால்தான்.

எங்கள் வீட்டில் வாங்கியது 88 கட்டை டிஜிட்டல் பியானோ. ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

விலையும் எடையும் கடையிலேயே தெரிந்துவிடும் சங்கதிகள். கீபோர்டு நான்கைந்து கிலோ, பேட்டரியிலும் ஓடும், சில ஆயிரங்களில் முடியும். நல்ல கம்பெனியின் டிஜிட்டல் பியானோ 11, 12 கிலோ, ஏறக்குறைய 35,000 முதல் 55,000 ரூபாய். மர பியானோ 200 கிலோவைத் தாண்டும், புதிது என்றால் லட்சங்களில்தான் பேச்சு. கட்டைகளின் எண்ணிக்கையை வைத்துக் குழம்ப வேண்டாம். முழு பியானோவில் வெள்ளை 52, கறுப்பு 36. கீபோர்டின் 61 என்பது ஐந்து ஆக்டேவ், அதாவது ஐந்து ஸ்தாயி. ஆரம்பப் பாடங்களுக்கு அது தாராளம்.

கீபோர்டின் நிஜமான குறை கட்டையின் கனத்தில் இருக்கிறது. கீபோர்டுக் கட்டைக்கு அடியில் இருப்பது ஸ்பிரிங் மாதிரியான ஒரு விசை. தொடும்போது லேசாக இருக்கும், உள்ளே போகப் போக எதிர்க்கும், விட்டால் விரலை உதைத்து மேலே தள்ளும். பியானோவில் கட்டையின் மறுமுனை ஒரு சுத்தியலைத் தூக்குகிறது. ஏற்றம் மாதிரிதான்: கிளப்பும்போது கனம், கிளம்பிவிட்டால் தானாகப் போகும், தன் எடையாலேயே திரும்பி விழும். சத்தத்தின் அளவைத் தீர்மானிப்பது கட்டை இறங்கும் வேகம். 1700ஆம் ஆண்டுவாக்கில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் கிறிஸ்டோஃபோரி செய்த கருவிக்குப் பெயர் வந்ததே மெதுவாகவும் உரக்கவும் வாசிக்க முடிந்ததால்தான். முழுப்பெயர் பியானோஃபோர்ட்டே: பியானோ என்றால் மெதுவாக, ஃபோர்ட்டே என்றால் உரக்க.

இந்த வித்தியாசம் பிள்ளையிடம் எப்படி வெளிப்படும்? வீட்டுக் கீபோர்டில் விரலைத் தட்டையாக வைத்துத் தடவினாலே பாட்டு வந்துவிடும். வகுப்பில் மிஸ்ஸின் பியானோவில் அதே பாட்டை வாசித்தால் மோதிர விரலும் சுண்டு விரலும் அழுத்திய சுரங்கள் பாதி கேட்காது. இடது கை சேர்த்து அழுத்தும் சுரங்கள் (கார்டு) மட்டும் உரக்க ஒலித்து மெட்டை அமுக்கிவிடும். "வீட்டுல நல்லா வந்துச்சு மிஸ்" என்று பிள்ளை சொல்வது பொய்யே இல்லை. அங்கே வந்தது, இங்கே வரவில்லை. மூன்று வாரம் இப்படிப் போனால் நான்காவது வாரம் வீட்டில் உட்காரச் சொன்னாலும் உட்காராது. அப்பாரும் அம்மாயியும் "புள்ளைக்கு ஆர்வமில்லைங்க" என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆர்வத்தைத் தின்றது கட்டை.

கீபோர்டிலேயே இரண்டு வகை உண்டு. விரைவாக அழுத்தினால் உரக்கவும், நிதானமாக அழுத்தினால் மெதுவாகவும் ஒலிப்பது ஒன்று. எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம் தருவது இன்னொன்று. காசியோ சிடி-எஸ்200, சிடி-எஸ்300 இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முன்னதில் இந்தத் தொடு உணர்வு கிடையாது, பின்னதில் உண்டு. பியானோ கற்கும் பிள்ளைக்கு ஒரே சத்தம் தரும் வகையை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

88 கட்டை இருந்துவிட்டாலே டிஜிட்டல் பியானோ ஆகிவிடாது. பேர் தெரியாத கம்பெனிகள் அதே நீளத்தில் ஸ்பிரிங் கட்டை போட்டுப் பாதி விலைக்கும் கீழே விற்கின்றன. 'செமி வெயிட்டட்' என்பதும் ஸ்பிரிங் குடும்பம்தான். பெட்டியில் 'ஹேமர் ஆக்‌ஷன்' என்று இருக்க வேண்டும், அதாவது பியானோ மாதிரியே சுத்தியல் கனத்தில் இயங்கும் கட்டை. கடையில் சிலர் நாணயம் அடுக்கிப் பார்ப்பார்கள். பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம், ஏழு வைத்தால் 54 கிராம். பியானோக் கட்டை இறங்குவதும் ஏறக்குறைய அந்த எடைக்குத்தான். ஆனால் ஸ்பிரிங் கட்டையும் அதே எடைக்கு இறங்கலாம், அதனால் இந்தச் சோதனையை நம்ப முடியாது. அதற்குப் பதிலாக இடது கோடிக் கட்டையையும் வலது கோடிக் கட்டையையும் மாற்றி மாற்றி அழுத்திப் பாருங்கள். இடது பக்கம் கனமாகவும் வலது பக்கம் இலகுவாகவும் தெரிய வேண்டும். பிறகு ஒரே கட்டையை வேகமாக ஏழெட்டுத் தடவை தட்டுங்கள், சுரம் எதுவும் விட்டுப்போகக் கூடாது. கடைசியாகக் கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே, வெள்ளைக் கட்டையின் உட்பக்கத்தில் அழுத்துங்கள். விலை குறைந்தவற்றில் அங்கே இறுகும். கொஞ்சம் இறுகினால் பரவாயில்லை.

அப்படியானால் மர பியானோவே வாங்கிவிடலாமே? தொடுதலிலும் நாதத்திலும் அதற்கு ஈடில்லை. பராமரிப்புதான் இடிக்கிறது. உள்ளே சுமார் 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து 18, 20 டன் இழுவிசையில் நிற்கின்றன. அவற்றின் ஒலியைப் பெருக்கும் மரப்பலகை ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் ஈரக்காற்று வீசும், மாசி, பங்குனியில் காய்ந்துவிடும். இரண்டு பருவத்துக்கும் சுருதி நகரும். வருடத்துக்கு இரண்டு முறையாவது ட்யூனர் வர வேண்டும், புதிய பியானோவுக்கு முதல் வருடம் கூடுதலாக. கோயமுத்தூருக்குள் இருந்தால் சமாளிக்கலாம். கோபி, தாராபுரம் பக்கம் என்றால் ஆளை வரவழைப்பதே ஒரு வேலை. சுருதி விலகிய பியானோவில் பழகும் காது அந்த விலகலையே சரியென்று எடுத்துக்கொள்ளும். மலிவாகக் கிடைக்கும் பழையதில் ஆபத்து இன்னும் அதிகம். கம்பியைப் பிடிக்கும் முளைகள் தளர்ந்திருந்தால் ட்யூன் செய்த சில நாளிலேயே இறங்கிவிடும். சுத்தியலில் ஒட்டிய ஃபெல்ட் கம்பளியை அந்துப்பூச்சி அரித்திருக்கும், உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருக்கும். தேர்வில் மேல் கிரேடுகளுக்குப் போய்விட்ட பிள்ளைக்கு மர பியானோ தேவைப்படலாம், ஏழு வயதில் தொடங்கும் பிள்ளைக்கு அவசரமில்லை.

டிஜிட்டலுக்கு ட்யூனிங் கிடையாது. ஆனால் பஞ்சுத் தூசி அதற்கு எதிரி. திருப்பூர், அவிநாசி, சோமனூர் வீடுகளில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். கட்டைக்கு அடியில் ரப்பர் தொடுபுள்ளிகள் இரண்டு உண்டு. ஒன்று பட்டு மற்றது படும் இடைவெளியை அளந்துதான் கருவி வேகத்தைக் கணக்கிடுகிறது. இடையில் தூசி புகுந்தால் ஒரே ஒரு கட்டை மட்டும் அலறும், அல்லது ஊமையாகும். கட்டை உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், சர்வீஸ் ஆள் பிரித்துத் துடைத்தால் சரியாகிவிடும். வாசிக்காத நேரத்தில் நெருக்கமாக நெய்த பருத்தித் துணி போர்த்தினால் அந்தச் செலவும் மிச்சம். மின்வாரியத்தின் மாதாந்திர மின்தடை நாளும் பயிற்சியை நிறுத்தாது. 12 வோல்ட் அடாப்டர்தான், மின்விசிறியைவிடக் குறைவாகவே இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டர் போதும்.

ஹெட்ஃபோன் வசதி டிஜிட்டலுக்குப் பெரிய பலம், அம்மாயியின் சீரியலும் பிள்ளையின் ஸ்கேல் பயிற்சியும் ஒரே நேரத்தில் நடக்கும். ஆனால் பக்கத்தில் தறி ஓடும் வீட்டில் அந்த இரைச்சலை மீறக் கேட்க வேண்டும் என்று பிள்ளை ஒலியை ஏற்றிக்கொண்டே போகும், காதுக்குக் கேடு. அங்கே தறி நிற்கும் நேரம் பார்த்துப் பயிற்சி வைப்பது மேல்.

வாங்கியபின் கவனிக்க வேண்டியவை சில. சாப்பாட்டு மேஜை 75 செ.மீ. உயரம், அதன்மேல் கருவியை வைத்தால் கட்டைகள் ஏறக்குறைய 85 செ.மீ. உயரத்துக்குப் போய்விடும். பியானோவில் அது 72, 73தான். தோள் தூக்கியே வாசித்துப் பழகிவிடும், ஆகவே ஸ்டாண்டு அவசியம். முழங்கை கட்டை மட்டத்துக்கு வரும்படி ஸ்டூலை ஏற்றுங்கள். கால் தொங்கினால் மணைப்பலகை இரண்டை அடுக்கிவிடலாம். ஒலியளவுத் திருகு நிற்க வேண்டிய இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். ஒலி குறைவாக இருந்தால் பிள்ளை குத்தும், கூடுதலாக இருந்தால் பயந்து தடவும். தொடு உணர்வு அமைப்பை நடுநிலையில் வைத்து, அவ்வப்போது சரிபாருங்கள். எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம் தரும் அமைப்பைப் பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். பெட்டியில் வரும் பெடல் டைல்ஸ் தரையில் நழுவும், கீழே ரப்பர் மேட் போடுங்கள். முக்கியமாக, ஸ்டாண்டை மடித்துவிட்டுக் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாதீர்கள். ஹாலில் நின்றால் பள்ளி விட்டு வரும்போதே இரண்டு நிமிஷம் தட்டிவிட்டுப் போகும், அதுவும் கணக்கில் சேரும்.

ஏற்கெனவே 61 கட்டை கீபோர்டு வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம். இசைத் தேர்வு நடத்தும் லண்டன் டிரினிட்டியில் பியானோவுக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் உண்டு. இரண்டாவதில் ரிதமும் தானியங்கிப் பின்னணியும் பாடத்திலேயே வரும். கீபோர்டு இருக்கும் வீட்டுப் பிள்ளையை அந்தத் திட்டத்தில் சேர்த்தால் வீட்டில் பழகியது வகுப்பிலும் அப்படியே வரும். பியானோதான் வேண்டும் என்று பிள்ளை கேட்டால், கீபோர்டின் பெட்டியையும் அடாப்டரையும் பத்திரமாக எடுத்து வைத்திருங்கள். அவை இரண்டும் இருந்தால் பழைய கீபோர்டு ஓரளவு விலைக்குப் போகும்.